அதிர்ந்து பேசாத மனுஷன்

வலது பக்கத்தில் சுவர் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும். இடது பக்கம் நீளமாக ஒரு சுவர், இங்கே மாட்டிக்கொள் என்பதுபோல நிற்கிறது. வலது பக்கம் சமையலறைக்குப் போகிற வழி, கதவுகூட வைக்காத வெறும் வழி, அங்கே ஸ்பீக்கரைக் காற்றிலா தொங்கவிடுவது. மனிதர்கள் ஒரு காதால் மட்டும்தான் கேட்பார்கள் என்று இந்த ஃபிளாட்டைக் கட்டியவனுக்கு யார் சொன்னது. அளவு டேப்பின் ஒரு முனையை அரிசி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு பால்கனிக் கதவுவரை போகிறேன், பாதி வழியிலேயே சர்ரென்று சுருண்டு வந்து கட்டைவிரலில் அடிக்கிறது. பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இருப்பார் என்று நினைத்துத்தான் டேப்பே செய்கிறார்கள். மெத்தை விற்கிறவன் அப்படி நினைக்கிறான், ரேஷன் கார்டு கொடுக்கிறவன் அப்படி நினைக்கிறான், காலையில் போன் செய்த என் அண்ணன் செழியனும் அப்படித்தான் நினைக்கிறான். "மூணு மணிக்கு நானும் அம்மாவும் வர்றோம், வீட்ல இரு" என்றான். எதுக்குண்ணே என்றேன். "எதுக்கா? ஒரு வருஷம் ஆகப்போகுது கோதை. கை நீட்டினாரா? குடிச்சாரா? வேற பொம்பள பின்னாடி போனாரா? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அந்த மாதிரி ஒருத்தர விட்டுட்டு வந்து காட்டூர்ல ஒண்டியா உக்காந்திருக்கியே, கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?" அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னார்கள், கல்யாணத்தில் சொன்னார்கள், பக்கத்து வீட்டுக்காரி கீரை வாங்கும்போதெல்லாம் சொன்னாள், குடுத்துவெச்சவங்க நீங்க, உங்க வீட்டுக்காரர் அதிர்ந்து பேசியே நாங்க கேட்டதில்ல. நானும் கேட்டதில்லை தாயே. அதிர்ந்து என்ன, அதிராமலே கேட்டதில்லை.

விரலைச் சப்பிக்கொண்டு நிற்கிறேன். இருக்கட்டும், மறுபடி அளக்கலாம். பிரிட்டோ சொன்னது எளிதுதான். நான் பில் போடுகிற ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர் பிரிட்டோ, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு மிச்ச நேரம் முழுவதும் ஸ்பீக்கர் பற்றியே பேசுவார். "டிவிக்குக் கீழ நடுவுல ஒண்ணு மேடம், பேச்செல்லாம் அதுலதான் வரும், அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. டிவிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, உக்காந்தா காது மட்டத்துக்கு. நீங்க உக்கார்ற எடத்துக்குக் கொஞ்சம் பின்னால தள்ளி ரெண்டு பக்கமும் ரெண்டு. மூலையில தரையோட ஒரு பெட்டி, அது இடி, வெடி, யானை நடக்கறது இதுக்கு." எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்றும் சொன்னார், அவருடைய நண்பர் ஒருவர் பழைய ஆம்ப்ளிஃபயரை விற்கிறார், அதை எடுத்துக்கொண்டு முதலில் முன்னால் மூன்று, பின்னால் உள்ளவை தீபாவளிக்கு, தரைப் பெட்டி பொங்கலுக்கு. என் சம்பளத்துக்கு அதுதான் கட்டும். சவுண்ட்பார் என்று ஒரே குழாயாக விற்கிறார்களே, டிவி அடியில் படுத்துக்கிடக்குமே, அது போதாதா என்று கேட்டேன். அது சத்தமா வரும் மேடம், ஆனா எதிர்ல இருந்துதான் வரும், உங்களச் சுத்தி வராது என்றார். சுற்றி வர வேண்டும். எனக்குச் சுற்றி வர வேண்டும். அதனால்தான் சாக்பீஸ் வாங்கிவந்து டைல்ஸ் மேல் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வட்டம், நடுவில் நான் உட்காரும் பாய்க்கு ஒரு கட்டம்.

கடைக்குப் போன் செய்து கேட்டால் அந்தப் பையன் அளவு கேட்கிறான், சொல்கிறேன், பாதியிலேயே, மேடம் வீட்ல சார் இருந்தா குடுங்களேன், அவர்கிட்ட கேட்டுக்கறேன் என்கிறான். சார் இல்லை என்றேன். எப்ப வருவாங்க என்றான். வரமாட்டாங்க என்றேன். ஐயோ சாரி மேடம் என்று குரலை இறக்கிக்கொண்டான், சாகடித்தேவிட்டான், அதையும் நான் திருத்தவில்லை. ஹவுஸ் ஓனர் ஜெயபால் சாரிடம் சுவரில் துளை போடலாமா என்று கேட்டால் அவர் துளையை விட்டுவிட்டார், ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டார். "குடும்பம் இருக்கற எடம்மா இது." குடும்பம் இருக்கிற இடம். மேல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுக்கிறார்கள், எதிர்வீட்டு மிக்சி விடிவதற்கு முன்னால் ஊரை எழுப்புகிறது, ஆடி மாதம் முழுக்கத் தெருமுனைக் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டார்கள், அதெல்லாம் குடும்பம் செய்கிற சத்தம், தப்பில்லை. நான் ஒருத்தி, எனக்குச் சத்தம் எதற்கு. ஒருத்தியாக இருக்கிறவள் சத்தம் போடாமல் இருப்பதுதான் மரியாதை. இருவராக இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது.

கை தட்டிப் பார்க்கச் சொன்னார் பிரிட்டோ. வெறும் ஹாலில் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டுங்க, சத்தம் திரும்பி வந்துதுன்னா எதிரொலி இருக்கு, கனமா ஒரு திரை, தரைக்கு ஒரு ஜமுக்காளம் போட்டா அடங்கிடும். நடுவில் நிற்கிறேன். கை மேலே வந்துவிட்டது, தட்ட வரவில்லை. இங்கே யாரும் தூங்கவில்லை, பக்கத்து அறையில் யாரும் படிக்கவில்லை, இது என் வாடகை, என் ஹால், என் கை. இருந்தும் இரண்டு உள்ளங்கையும் நெருங்கி வந்து, பூ மாதிரி ஒட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நின்றுவிட்டன. அந்த வீட்டில் கற்றுக்கொண்டது. பீரோ கதவை இடுப்பால் அணைத்து மூடுவது, கரண்டியைப் பாத்திரத்தில் சாய்த்து இறக்குவது, குக்கர் விசில் வருவதற்கு ஒரு நொடி முன்னால் ஓடிப்போய் அடுப்பைத் தணிப்பது, தும்மல் வந்தால் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணில் நீர் முட்ட விழுங்குவது. செய் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஒரு டம்ளர் விழுந்தால் அவர் படிப்பதை நிறுத்திவிட்டு, நிமிராமல், நான் எடுத்து வைத்து முடிக்கும்வரை காத்திருப்பார். அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பில் கழுத்தின் பின்பக்கம் எனக்குச் சுடும். அவர், அவர் என்கிறேன், பார். மனசுக்குள்கூட அவன் என்று வரவில்லை. யாருக்கும் கேட்காது, சொல்லிப் பார். அவ... அவர். தட்டு கோதை. பளார் என்று தட்டினேன். சத்தம் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, என் முகத்துக்கே வந்தது. எதிரொலி இருக்கிறது. ஜமுக்காளம் வாங்க வேண்டும்.

முதல் தடவை நடந்தது ஒரு கல்யாணத்தில், அவருடைய சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் யாரோ ஏதோ சொல்ல நான் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டில் சிரிக்கிற மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்து. அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகச் சிரித்ததில்லை, அப்பா வீட்டில் பேசுவதே மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். இவர் திரும்பி ஒருமுறை பார்த்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து பேசவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கை வைத்தேன், கையை எடுத்து மடியில் வைத்தார், என் கையை என் மடியிலேயே, ஒரு பொருளை இடத்தில் வைப்பதுபோல. சோறு போதும் என்றால் தட்டை இரண்டு விரல் நகர்த்துவார். வெளியே போகிறார் என்றால் சாவிச் சத்தம். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியாமல் கேட்பதற்கு நாக்கு எப்படிப் புரண்டது என்று இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. பிறகு ஒருநாள் காபி கொடுக்கும்போது, சர்க்கரை கம்மி என்றார். இரண்டே வார்த்தை. நான் சமையலறைக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில். சர்க்கரை கம்மி என்று ஒருவர் சொன்னதற்குச் சந்தோஷத்தில் அழுதவள் நான், எம்.காம். படித்தவள்.

டிவி இருந்தது. பெரிய டிவி, நல்ல கம்பெனி. ஒலியைத் தரையோடு வைத்து, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துத்தான் அந்த வீட்டில் படம் பார்ப்பது. கதாநாயகி வாய் திறந்து கதறுவாள், கீழே 'கதறுகிறாள்' என்று எழுத்து வரும். ஆரம்பத்தில் நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் ரிமோட்டை எடுத்து மியூட்டில் போடுவார். அட, நாம் பேசுவதைக் கேட்கத்தானே என்று பூரித்துப்போனேன். சொல்லி முடிப்பேன், முகம் திரையிலேயே இருக்கும், முடித்ததும் கட்டைவிரலை அழுத்தி மியூட்டை எடுப்பார். பதில் இருக்காது. காற்று வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, நின்றதும் திறப்பதுபோல. அப்பா போன செய்தியை அப்படித்தான் சொன்னேன். அண்ணன் போன் செய்தான், அப்பா போய்ட்டாங்களாம் என்றேன். மியூட். மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் இருந்தார், எழுந்து சட்டையை மாட்டினார், கார் சாவியை எடுத்தார். ஊருக்கு வந்து எல்லாக் காரியத்துக்கும் நின்றார், பந்தல்காரனிலிருந்து சுடுகாட்டுச் செலவுவரை அவரே பார்த்தார், எல்லோரும் தங்கமான மாப்பிள்ளை என்றார்கள், அதிர்ந்து ஒரு வார்த்தை... திரும்பி வருகிற வழியில் இருட்டுக் காருக்குள், ஏதாவது சொல்லுங்க, அப்பாவப் பத்தி ஏதாவது சொல்லுங்க என்று கேட்டேன். வைப்பரைப் போட்டார். மழையே இல்லை.

இதை யாரிடம் எப்படிச் சொல்வது. அடித்தார் என்றால் தழும்பு காட்டலாம். பேசவில்லை என்றால் எதைக் காட்டுவது, எந்த இடத்தைத் திறந்து காட்டுவது. அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன், அவரு பேசமாட்டேங்கறாருண்ணே. அவன் சிரித்தான். "என் பொண்டாட்டி இத வரமாக் கேக்கறா, நீ குறையாச் சொல்ற." அன்றைக்கே அந்தப் பேச்சை விட்டேன். கிளம்பி வந்த நாளில்கூடச் சண்டை இல்லை. அலமாரியிலிருந்து தாம்பாளத்தை எடுக்கும்போது நழுவி விழுந்து, அது லேசில் அடங்குகிற சாமானா, ணங் ணங்கென்று சுற்றிச் சுற்றி ஆடியது. நான் வழக்கம்போல ஓடிப்போய் அமுக்கவில்லை. ஏனோ நின்றேன். அது ஆடி ஓயும்வரை கேட்டேன். எவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு பையில் நாலு புடவை, சான்றிதழ்கள், மாத்திரை. நான் போறேன் என்றேன். மியூட்டில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன், இரண்டாவது படியில் இருக்கும்போது உள்ளே அந்த மெல்லிய டிவிச் சத்தம் திரும்ப வந்தது.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பாய்க்காகப் போட்ட கட்டத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறேன். சுற்றி ஆறு சாக்பீஸ் வட்டங்கள் காலியாக வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. இதெல்லாம் வந்து, கம்பியெல்லாம் இழுத்து, படம் ஓடி, முடிந்து, நிறுத்திய பிறகு என்ன செய்வாய் கோதை. அப்போது வருகிற அமைதி அந்த வீட்டு அமைதிதானே, அதையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டுதானே வந்திருக்கிறாய். இரவில் குளிர்சாதனப் பெட்டி உறுமி நிற்கிற நேரத்தில் எனக்குச் சட்டென்று, என்ன தப்பு செய்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தனி வீட்டில், யாருமில்லாத வீட்டில். பிரிட்டோ மகள் பிறந்தநாளுக்குப் போனபோது அவர் வீட்டு ஹாலில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது, சந்தைக் காட்சி, என்னைச் சுற்றி ஜனங்கள் பேரம் பேசினார்கள், கூவினார்கள், குழந்தை அழுதது, யாரும் யாரையும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை, பிரிட்டோ மனைவி மேரி சமையலறையிலிருந்து கத்தினாள், பிரிட்டோ இங்கிருந்து கத்தினார். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முடிவு செய்தது இது. பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனமாகவே இருக்கட்டும். வலது பக்கத்துக்கு ஸ்டாண்டு வைத்துக்கொள்ளலாம், சமையலறைக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு போனால் போகிறது. வாசல் மணி அடிக்கிறது.

அம்மா முதலில் வருகிறாள், மூச்சு வாங்குகிறது, கையில் முருங்கைக்காய்ப் பை. பின்னால் அண்ணன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "லிஃப்ட் இல்லாத வீடா பாத்து எடுத்தியா" என்று அம்மா தொடங்கி, தரையைப் பார்த்து நின்றாள். "என்னடி கோதை இது, தரையெல்லாம் கோடு? கோழிக்கூடு போடப்போறியா?"

"ஸ்பீக்கர் வைக்கறதுக்கும்மா. படம் பாக்க."

"இத்தனையா?"

"விடும்மா அத" என்றான் அண்ணன். ஒரு வட்டத்தின் மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "கோதை, நேராச் சொல்லிடறேன். அவரும் வந்திருக்கார். கீழ கார்ல இருக்கார். அவர் கார்லதான் வந்தோம்."

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்துக்கு அடியில் அந்தச் சாம்பல் நிறக் கார், கண்ணாடி நான்கும் ஏற்றி. பால்கனிக் கம்பியில் சாய்ந்தேன். உடனே கோபம், நல்லவேளை, கோபம் வந்து தாங்கிப் பிடித்துக்கொண்டது. "ஏன், மேல வரமாட்டாரா?"

"நீ கூப்பிடாம எப்படி வருவார்? அந்த மனுஷன் இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு. எதையும் மனசுல வெச்சுக்கல. வழியெல்லாம் உன்னப் பத்தி ஒரு குறை சொல்லல."

"வழியெல்லாம் என்ன பேசினார்?"

அண்ணன் வாயைத் திறந்தான். யோசித்தான். "அவர் என்னிக்கு அதிகமாப் பேசிருக்கார்" என்றான்.

"அம்மா, நீ சொல்லு. தஞ்சாவூர்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் என்ன பேசினார்?"

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வண்டி ஓட்டறவர் கிட்ட என்னத்தப் பேச. நீ கோவத்த விடு கோதை. வயசு போகுது. நாளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா பக்கத்துல ஆள் வேணாமா. ஆம்பள இறங்கி வந்து நிக்கறார்..."

"நிக்கல, உக்காந்திருக்கார். ஏசி போட்டுக்கிட்டு."

"உனக்கு எல்லாம் எகத்தாளம்" என்று அண்ணன் போனை எடுத்தான். "சரி. நீ கீழ வரவேணாம், அவர் மேல வரவேணாம். போன்லயே பேசுங்க, எங்க முன்னாடியே பேசுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு." எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தான். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"மாப்ள, மேலதான் இருக்கோம். கோதையும் இருக்கு. நீங்க மனசுல இருக்கறத அவகிட்டச் சொல்லுங்க. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

போனிலிருந்து ஒரு இரைச்சல் வந்தது, காரின் ஏசி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் தெரியும்.

"மாப்ள? லைன்ல இருக்கீங்களா?"

ஏசி. தூரத்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள், அது போனிலும் கேட்டது, பால்கனி வழியாகவும் கேட்டது. அண்ணன் போனைத் தூக்கிப் பார்த்தான், கட்டாகவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. டவர் இல்ல போல என்றான். இருக்கு என்றேன். என் முறை என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சரி. குனிந்து, "நான் கோதை பேசறேன். ஏதாவது சொல்லணுமா?" என்றேன். என் குரல் நடுங்கும் என்று நினைத்தேன், பில் கவுண்டரில் அடுத்தவரைக் கூப்பிடுகிற குரலாக வந்தது. ஏசி. சீட்டில் அசைகிற தோல் சத்தம். மூச்சுகூடக் கேட்டது, நிதானமான மூச்சு, காத்திருக்கிற மூச்சு, டம்ளரை எடுத்து வைத்து முடிக்கும்வரை காத்திருக்கிற அதே. கழுத்தின் பின்பக்கம் சுட ஆரம்பித்தது.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். நாற்காலியின் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயை வைத்து, காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல, "மாப்பிள்ளை, நான் அத்தை பேசறேன். வந்துட்டீங்க, சந்தோஷம். வா கோதைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ வந்துடுவா. நானே கூட்டியாறேன். ஒரு வார்த்தை" என்றாள். காத்திருந்தாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் பதில் வரப்போகிறது என்ற சிரிப்பு இருந்தது. அது அப்படியே நின்று, நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் வாயோரத்தில் தங்கியது. "மாப்பிள்ளை... நான் சொல்றது காதுல விழுதா? திட்டணும்னா திட்டுங்க. வரமாட்டேன்னாலும் சொல்லுங்க. பெரியவ கேக்கறேன்ல." காதில் விழுகிறது அம்மா, எல்லாம் விழுகிறது. அம்மாவின் காதுமடல் சிவந்தது. அவள் கை தானாகப் பின்னங்கழுத்துக்குப் போயிற்று.

போன் கட்டானது. மேல் வீட்டில் கட்டிலை இழுத்தார்கள். பிறகு அண்ணன் போனில் டிங் என்று ஒரு சத்தம்.

"என்னடா வந்திருக்கு?" என்றாள் அம்மா.

அண்ணன் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்தான். "ஒண்ணுமில்ல."

"படி."

"கிளம்பலாமான்னு கேட்டிருக்கார்."

"யாரக் கேக்கறார்?"

"...என்னைத்தாம்மா."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பாய்க்கான கட்டத்துக்குள். முருங்கைக்காய்ப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், "இப்படித்தானா?" என்றாள்.

"ம்."

"எத்தன நாளைக்கு?"

"ஆடில நிறுத்தினா சில சமயம் தீபாவளி ஆகும்."

"சோறு போடறப்பகூடவா?"

"தட்ட நகத்துவார்."

"அப்பா செத்தப்ப?"

எனக்கு இதையெல்லாம் கத்த வேண்டும்போல இருந்தது, இவ்வளவு காலம் எங்கே போனீர்கள், நான் சொன்னபோது சிரித்தீர்களே, உங்களிடம் ஒரு போன் எடுத்துப் பேசாமல் இருந்தால்தான் உங்களுக்கு விளங்குமா, உங்களுக்கு ஒரு நிமிஷம் சுட்டது எனக்கு ஒன்பது வருஷம் சுட்டது என்று. எல்லாம் தொண்டைவரை வந்து, அம்மா முருங்கைக்காயை நுனியில் ஒடித்து ஒடித்துப் போடுவதைப் பார்த்ததும் அங்கேயே நின்றது. அண்ணன், "கூச்சமா இருந்திருக்கும்மா, நம்ம முன்னாடி எப்படிப் பேசுவார்" என்று தொடங்கினான்.

"நீ கிளம்பு செழியா" என்றாள் அம்மா. "நான் ரெண்டு நாள் இருந்துட்டு பஸ்ல வர்றேன்."

"மாத்துப் புடவைகூட எடுத்துட்டு வரலியேம்மா."

"அவகிட்ட இருக்கு. நீ போ, அந்த ஆளு காத்துக்கிட்டிருக்கப் போறான்."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். என்னால் மனசுக்குள்கூடச் சொல்ல முடியாததை அம்மா முருங்கைக்காய் ஒடிக்கிற வாக்கில் சொல்லிவிட்டாள், சொன்னது அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் வாசலில் செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டான். "கோதை, எனக்குத் தெரியாதுடா" என்றான். நான் சொன்னேன்ல என்றேன். சொன்ன என்றான். இறங்கிப் போனான்.

அம்மா அதோடு மாறிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் சாயங்காலம் ஸ்பீக்கர் கடைக்குப் போக ஏறிய சத்திரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தாயில்லாம வளந்த பையன், அதான் அப்படியோ என்னவோ என்று முணுமுணுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயில்லாமல் வளர்ந்தால் வாய் இருக்காதா. ஜோசியர் ஏதோ பரிகாரம் சொன்னாராம். அம்மா, வாயை மூடிட்டு வா என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. மூடச் சொல்ல நான் யார். பேசட்டும். அந்த ஆளுக்குப் பரிந்தே பேசட்டும், காட்டூரிலிருந்து பேசிக்கொண்டே வந்தாலும் கேட்கிறேன், ஆனால் எதிர்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். சொன்னேன். முன்சீட்டில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். காந்தி மார்க்கெட் வருவதற்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது, இறங்கியதும் கரும்பு ஜூஸ் குடித்தோம்.

கடையில், போனில் பேசிய பையன்தானா என்று தெரியவில்லை, ஒரு சின்னப் பையன், உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போனான். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, ஒரு சோபா, பெரிய திரை. அம்மாவுக்கு ஏசி குளிர்ந்தது, தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். பையன் விளக்கை அணைத்துவிட்டு ஏதோ ஒரு படத்தின் துண்டைப் போட்டான். காடு. யாரும் இல்லை. இலைகள். பிறகு எங்களுக்குப் பின்னால் வலது பக்கத்திலிருந்து சருகின் மேல் யாரோ நடந்து வந்தார்கள். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"யாரு?"

"யாருமில்ல பாட்டி, ஸ்பீக்கர்" என்றான் பையன் இருட்டிலிருந்து.

அம்மா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடி நெருங்கி, அவள் தோளைக் கடந்து, முன்னால் போயிற்று. அவள் முகமும் அதோடு திரும்பியது, திரையில் ஒரு கிழவன் விறகுச் சுமையோடு வந்து நின்று ஏதோ பேசினான். ஒவ்வொரு வார்த்தையும் நெற்றிக்கு எதிரே கேட்டது. படம் நின்றது. பையன் விளக்கைப் போடப் போனான்.

"இரு தம்பி" என்றாள் அம்மா. "இன்னொருதரம் போடு. கொஞ்சம் சத்தமா வெச்சுப் போடு."

பையன் என்னைப் பார்த்தான். "அம்மா சொல்றாங்கல்ல" என்றேன், "வை."